மஞ்சத்தண்ணி தெளிச்ச பேக்

வேல்விழி: ...எதுக்குங்க நம்ம பேக்க மட்டும் தனியா எடுத்து வச்சிருக்காக?

விஜயபாண்டி: தெரியல. ரெண்டு தடவ மிஷினுக்குள்ள விட்டுட்டாக. பேசாம இரு, பாப்போம்.

வேல்விழி: பொம்பளைகள தெரைக்குப் பின்னாடி தடவிப் பாத்துட்டு ஒடனே விட்டுட்டாக. நீங்க என்னடான்னா பந்தியில எடம் கெடைக்காத ஆளு மாதிரி நிக்கிறீக.

விஜயபாண்டி: ஒனக்கென்ன, ஒத்த ஹேண்ட்பேக்கு. எனக்குக் கேமரா, லென்ஸு, ஃப்ளாஷுன்னு ஒவ்வொண்ணா எடுத்து ட்ரேயில வச்சதுக்கே இடுப்பு கழண்டு போச்சு.

வேல்விழி: பேட்டரிய லக்கேஜ்ல போட்டு விட்டுட்டீகளோ?

விஜயபாண்டி: இல்லத்தா. பேட்டரி பூராம் கையிலதான் இருக்கணும்னு பிளேனுக்கு டிக்கெட் போட்ட பய படிச்சுப் படிச்சுச் சொன்னான். ட்ரைபாடு மட்டுந்தான் லக்கேஜ்ல போயிருக்கு.

வேல்விழி: பெறகு என்னவாம்... ஹச்...

விஜயபாண்டி: இன்னும் சளி விடலயா?

வேல்விழி: விடும் விடும்.

விஜயபாண்டி: பொழுது சாஞ்ச பெறகு தலைக்கு ஊத்தாதன்னா கேட்டாத்தான. போடிக்கு ஜாக்கெட் வாங்கப் போயிட்டு வந்தவளுக்கு என்னத்துக்கு அப்படி ஒரு குளியல்?

வேல்விழி: பஸ்ஸுல ஒரே புழுதி... நீங்க மட்டும் அன்னிக்கு வாசல்லயே நின்னு குளிக்கலயாக்கும்?

விஜயபாண்டி: வண்டியில ஆயில் ஒழுகி மேலெல்லாம் பட்டுருச்சுன்னு சொன்னேன்ல.

ஆபீசர்: இந்த பேக் யாரோடது?

விஜயபாண்டி: என்னோடது சார். பேரு விஜயபாண்டி. உத்தமபாளையத்துல ஸ்டுடியோ வச்சிருக்கேன். இது எம் வீட்டம்மா.

ஆபீசர்: பேக்குல துணி வச்சுத் தேச்சு மிஷின்ல பாத்தோம். வெடிமருந்துன்னு காட்டுது.

விஜயபாண்டி: வெடிமருந்தா? சார், நாங்க ஃபோட்டோ எடுக்கப் போறவுக சார். பம்பாய்ல போடிக்காரவுக வீட்டுக் கல்யாணம். பத்திரிக்ககூட இருக்கு.

ஆபீசர்: பேடிக்கண்டா... பயப்பட வேணாம். பட்டாசுப் பொடி ஒட்டினாலும் மிஷின் சத்தம் போடும். கடைசியா இந்த பேக் எங்க கொண்டு போனீங்க? அத மட்டும் சொல்லுங்க.

விஜயபாண்டி: அது... வீரபாண்டித் திருவிழாவுக்கு சார். அங்கன வெடி போட்டாக. பக்கத்துல நின்னேன்.

வேல்விழி: திருவிழா சித்திரையிலயே முடிஞ்சுபோச்சேங்க. இப்ப ஆவணி. அதுக்கப்பறம் இந்த பேக்க நாந்தான தொடச்சு வெயில்ல காய வச்சேன்.

விஜயபாண்டி: நீ செத்த சும்மா இரு.

வேல்விழி: இல்லைங்க, எதையாவது மாத்திச் சொல்லி, பெறகு அவுக சந்தேகப்பட்டா? பிளேன் போயிரும். நமக்கு வந்ததே இந்த ஒரு பெரிய ஆர்டரு.

ஆபீசர்: அவங்க சொல்றதுதான் சரி. எங்கன்னு சொல்லாம பேக் உள்ள போகாது. கேமராவ ஆன் பண்ணிக் கடைசியா எடுத்த படத்தக் காட்டுங்க, அதயும் பாக்கணும்.

விஜயபாண்டி: சார்ஜ் இல்ல சார்.

வேல்விழி: என்னங்க சொல்றீக? எல்லாப் பேட்டரிக்கும் நாந்தான சார்ஜ் போட்டு எடுத்து வச்சேன்.

விஜயபாண்டி: ஏய்...

வேல்விழி: என்ன ஏய்? முழிக்கிற முழியப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்கு.

ஆபீசர்: இது என்ன, இந்த ஜிப் பக்கம்? மஞ்சளா ஏதோ பொடி மாதிரி?

விஜயபாண்டி: அது பொடி இல்ல சார். மஞ்சத்தண்ணி.

ஆபீசர்: மஞ்சத்தண்ணியா? கேமரா பேக்குக்கு எதுக்கு?

வேல்விழி: மஞ்சத்தண்ணியா? செவந்தி மாலையில இருந்து சாயம் எறங்கிருச்சுன்னுல்ல எங்கிட்டச் சொன்னீக...

விஜயபாண்டி: வேல்விழி, அப்பறம் சொல்றேன்.

வேல்விழி: எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தாத்தான் நீங்க பேக்குக்குத் தெளிப்பீக. அந்தப் பேக்க அப்படியே கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதும்பீக. எழவு வீட்டுல படம் எடுக்கப் போனா எங்கிட்டச் சொல்லிட்டுத்தான போவீக... யாரு வீட்டுக்குப் போனீக?

ஆபீசர்: ஆன் பண்ணுங்க சார். பின்னால ஆளு நிக்குது.

விஜயபாண்டி: பண்றேன் சார்... இந்தாங்க.

ஆபீசர்: ம்... சவ ஊர்வலம் அல்லே இது? பூத்தேரு... முன்னால சரம் வெடிக்கிறாங்க. இதுதான் காரணம். இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. என்னத்துக்கு ஒளிச்சீங்க?

விஜயபாண்டி: வேட்டுப் போடுற பயலுக என் பேக்கு மேலயே சரத்த அடுக்கி வச்சுட்டானுக சார். பேக்கக் கீழ வச்சுட்டு நான் மேல மாடியில நின்னேன், பாக்கல.

ஆபீசர்: யாரு மரிச்சது? சொந்தமா?

விஜயபாண்டி: ...என் மாமனாரு சார். இவளோட அப்பா.

ஆபீசர்: ஓ... இவங்களுக்குத் தெரியாதா?

விஜயபாண்டி: நான் சொல்லல சார்.

ஆபீசர்: என்ன மனுசன் சார் நீங்க... அம்மா, தண்ணி வேணுமா? அந்தச் சேர்ல இருங்க.

வேல்விழி: வேணாம் சார். நான் நல்லாத்தான் இருக்கேன்.

ஆபீசர்: எந்த ஊரு?

வேல்விழி: தேவாரம்.

ஆபீசர்: நான் கட்டப்பனை. கம்பம்மெட்டு எறங்கினா உங்க பக்கம்தான். இந்த வெடிச் சத்தமெல்லாம் சின்ன வயசுலயே கேட்டிருக்கேன்... சரி. கேமராவும் லென்ஸும் சுத்தம், அதையும் தேச்சுப் பாத்தாச்சு. பேக்ல மட்டும்தான். பேரும் போன் நம்பரும் குடுத்துட்டுப் போங்க. பிளேனுக்கு நேரம் இருக்கு.

விஜயபாண்டி: ரொம்ப நன்றி சார்.

ஆபீசர்: எனக்கெதுக்கு நன்றி. அவங்ககிட்டப் பேசுங்க.

விஜயபாண்டி: ...பிளேனுக்குக் கூப்பிடுற வரைக்கும் இங்கன உக்காரு. ஜன்னல் பக்கம். இந்தா, தண்ணியக் குடி.

வேல்விழி: வேணாம்னேன்ல.

விஜயபாண்டி: எதாவது பேசு வேல்விழி. வையி. அழுதுரு. இப்படிக் கல்லு மாதிரி உக்காராத.

வேல்விழி: ஒங்களுக்கு யாரு சொன்னா?

விஜயபாண்டி: சண்முகராஜ் போன் போட்டான். தேவாரத்துல மெயின் ரோட்டு மேல ஏலக்கா குடோன் வச்சிருக்கான்ல, அவன். அடுத்த நிமிசமே ஒங்கண்ணன் விஜய்ராஜ் கூப்பிட்டாக.

வேல்விழி: அண்ணனா? ஒங்களயா?

விஜயபாண்டி: ஆமா. கல்யாணத்துக்கப்பறம் மொத மொதல்ல எங்கிட்டப் பேசுனாக. "அப்பா போயிட்டாக. அவ இங்கன வரக்கூடாது. வந்தா நாங்க தூக்க மாட்டோம், தெருவுலதான் கெடக்கும்"னு சொல்லிட்டு வச்சுட்டாக. நான் அம்புட்டுத்தானான்னு கேக்குறதுக்குள்ள வச்சுட்டாக.

வேல்விழி: அது அண்ணன் பேச்சு இல்ல. அப்பா சொல்லி வச்சதுதான். எஞ்சாவுக்கு அவ வரக்கூடாது, அவன் கேமராவும் வரக்கூடாதுன்னு. நான் வீட்ட விட்டு வந்த அன்னிக்கே சொன்னாக.

விஜயபாண்டி: படம் எடுக்க வந்தவன் பொண்ணக் கூட்டிட்டுப் போயிட்டான்னா யாருக்குத்தான் ஆத்தரம் வராம இருக்கும். ஒங்கண்ணன் கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ள பொண்ண விட நீதான அதிகமா இருந்த.

வேல்விழி: சிரிப்புக் காட்டாதீக.

விஜயபாண்டி: சிரிப்புக் காட்டல. எனக்கு வேற என்ன பேசன்னு தெரியல.

வேல்விழி: அப்ப அன்னிக்கு ஆயிலு ஒழுகுனதெல்லாம்...

விஜயபாண்டி: பொய்யி. வண்டியில ஆயிலே இல்ல.

வேல்விழி: வரக்கூடாதுன்னு சொன்ன எடத்துக்கு எதுக்குப் போனீக? யாராவது பாத்திருந்தா ஒங்க காலு கையி இருந்திருக்குமா?

விஜயபாண்டி: அதான் குடோன் மாடியில ஏறி ஒளிஞ்சு நின்னேன். பெரிய லென்ஸப் போட்டா மொகம் கிட்டக்க வந்துரும்ல. ஊரு பூராம் செத்தவுகள எடுத்திருக்கேன். ஒன்னப் பெத்தவுகள எடுக்காம விட்டா... என்னைக்காச்சும் ஒரு நா நீ, எங்கப்பா கடைசியா எப்படி இருந்தாருன்னு கேப்பல்ல. அப்ப காட்ட எங்கிட்ட ஒண்ணு வேணும்ல.

வேல்விழி: கேக்காமப் போயிருந்தா?

விஜயபாண்டி: கேக்குற வரைக்கும் கேமராவுலயே வச்சிருந்திருப்பேன். கம்ப்யூட்டர்ல ஏத்துனா நீ பாத்துருவ. கார்ட எடுத்து ஒளிச்சு வைக்கவும் மனசு வரல.

வேல்விழி: எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்.

விஜயபாண்டி: சொல்லியிருக்கணும். ஒன்னையும் கூட்டிட்டுப் போயிருக்கணும். தூக்க மாட்டேன்னா கெடக்கட்டும்னு வாசல்ல போயி நின்னுருக்கணும். அத நெனச்சு நெனச்சுத்தான் எனக்கு ஒறக்கமே வரல.

வேல்விழி: அவுகளுக்குப் பயந்துட்டீக.

விஜயபாண்டி: அவுகளுக்கு இல்ல. ஒனக்கு.

வேல்விழி: எனக்கா?

விஜயபாண்டி: அங்கன வச்சு ஒன்னையத் தொரத்திவிட்டா நீ திரும்பி என்னையத்தான பாப்ப. ஒன்னாலதான எங்கப்பா மொகத்தப் பாக்க முடியாமப் போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருவியோன்னு பயம். அத ஒரு தடவ கேட்டுட்டா பெறகு நான் என்ன செய்வேன்?

வேல்விழி: சொல்லியிருக்க மாட்டேன்... இல்ல. சொல்லியிருப்பேன். ஒரே ஒரு தடவ சொல்லியிருப்பேன்.

விஜயபாண்டி: இப்பச் சொல்லு. கேட்டுக்கிறேன்.

வேல்விழி: இப்ப எதுக்கு... ஹச்... 

விஜயபாண்டி: இந்தா, கர்சீப்பு.

வேல்விழி: அப்பா எப்படி இருந்தாக?

விஜயபாண்டி: மெலிஞ்சு போயிட்டாக. நாம பாத்த ஒடம்புல பாதிதான் இருந்துச்சு. ஆனா நல்லா சிங்காரிச்சிருந்தாக. பட்டு வேட்டி, பச்சக் கரைத் துண்டு. கண்ணாடியப் போட்டு விட்டிருந்தாக.

வேல்விழி: அது ஒரு பக்கமா எறங்கிக் கெடந்திருக்கும். யாரும் சரி பண்ணியிருக்க மாட்டாக.

விஜயபாண்டி: ஆமா. எடது பக்கம். உயிரோட இருக்குறப்பவும் அப்படித்தான் போடுவாகளோ?

வேல்விழி: ...கேமராவக் குடுங்க.

விஜயபாண்டி: இப்ப வேணாம். ஊருக்குப் போயிட்டு வந்து...

வேல்விழி: குடுங்கங்கிறேன்.

விஜயபாண்டி: இரு, நானே தள்ளித் தள்ளிக் காட்டுறேன். இது வீட்டுல இருந்து தேரு கெளம்புறது. இது ஒங்க அண்ணன், நெய்ப்பந்தம் பிடிச்சுக்கிட்டு ஒம் மருமகன். இந்தா... மொகம். இதுதான் இருக்குறதுலயே நல்ல படம்.

வேல்விழி: அப்பா...

விஜயபாண்டி: மெதுவா அழு. ஆளுக பாக்குறாக... பாத்தா பாத்துட்டுப் போறாக. நீ அழு.

வேல்விழி: அடுத்தது.

விஜயபாண்டி: இது கொட்டுக்காரவுக. இது பூ எறைக்கிறது. இது வேணாம், இது கெட்டுப்போன படம்.

வேல்விழி: இருங்க.

விஜயபாண்டி: குடோன் முக்குல திரும்புறப்ப போடி பஸ்ஸு ஒண்ணு எதுக்க வந்து நின்னுக்கிருச்சு. தேரப் பாதி மறச்சிருச்சு, தேரு கடந்து போற வரைக்கும் நகரல. எனக்கு வந்துச்சு பாரு கோவம்... இத அழிச்சிருறேன்.

வேல்விழி: அழிக்காதீக.

விஜயபாண்டி: இதுல மாமா மொகமே முழுசாத் தெரியலயே. பஸ்ஸுதான் தெரியுது.

வேல்விழி: அந்தப் பஸ்ஸப் பெருசாக்குங்க.

விஜயபாண்டி: பஸ்ஸ எதுக்கு? நம்ம பிளேனுக்குக் கூப்பிடுறாக பாரு, எந்திரி...

வேல்விழி: போவலாம். பெருசாக்குங்க. டிரைவருக்குப் பின்னாடி, ரெண்டாவது ஜன்னலு.

விஜயபாண்டி: ஆமா, யாரோ ஒரு பொம்பள. சேலத் தலப்ப வாயில வச்சுப் பொத்திக்கிட்டு... இந்தச் சேல... வேல்விழி, இது நான் எடுத்துக் குடுத்த... அன்னிக்கு நீ போடிக்குல்ல...

வேல்விழி: சந்தனம்மா சித்தி எனக்கும் போன் பண்ணுச்சு. தேவாரத்துக்குத்தாங்க டிக்கெட் எடுத்தேன். பூத்தேருல அப்பா மொகம் ஜன்னலுக்கு நேரா வந்துச்சு. கைய நீட்டுனா கண்ணாடியச் சரி பண்ணி விட்டுருக்கலாம்... நான் எறங்கலங்க.