மூக்குக்கு ஓர் ஆள்

அவனியாபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் என் எதிரே ஓர் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். அண்ணன் சொன்னார்:

“மத்ததெல்லாம் சரியா வந்துருச்சு. மூக்குக்குத்தேன் ஆள் வேணுமாம்.”

“என்னண்ணே சொல்ற?”

“அம்மாவுக்கு ஒரு போட்டோகூட இல்லேல்ல. அந்தப் படம் வரையிற பொண்ணு, பிள்ளைக மூஞ்சியப் பாத்துத்தேன் செத்தவுகள வரையுது. நெத்திய என்கிட்ட எடுத்துக்கிருச்சு. தாடைய ஒன்கிட்ட. மூக்கு யாருக்கு வந்துருக்குன்னு கேக்குது.”

தம்பி ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: “தங்கச்சிக்கு.”

“அவ நம்மகூடப் பேசி மூணு வருசமாச்சேடா.”

“நாமதான பேசல. தாய்மாமன் ரெண்டு பேரு இருந்தும், அவ மகனுக்கு வேற யாரோ மடியில வச்சுல்ல காது குத்துனாக.”

அண்ணன் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அந்தப் பொண்ணயே உத்தேசமா ஒரு மூக்கு போடச் சொல்லேண்ணே.”

“கேட்டுட்டேன். அப்பறம் அது வேற யாரோ ஆயிரும்ங்குது.”

அண்ணன் போனை எடுத்தார். “ஆத்தா, நாந்தேன். பெரியண்ணன். அம்மா படத்துக்கு ஒன் மூக்கு வேணுமாம்த்தா.”

வெகுநேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கவில்லை.

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தம்பியிடம் திரும்பினார்.

“மூக்கு மட்டும் வந்தாப் போதுமா, நானும் வரணுமான்னு கேக்குறாடா.”