சட்டைப்பையில் இருந்த வால்வு

தோட்டத்து ஹோஸை வாளிக்குள் போட்டு, நிறையட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகிற பழக்கம் பாதிப் பேருக்கு இருக்கிறது, ஐயா. என் தம்பிக்கும் உண்டு. நான் குடிநீர் வாரியத்தில் தெரு வால்வுகளைத் திறந்து மூடுகிறவன். அதனால் அது என் கண்ணை உறுத்தும்.

தெருவில் வால்வை மூடிவிட்டுப் பள்ளத்தில் இருக்கும் குழாயைத் திறந்தால், மேட்டிலுள்ள வீடுகளிலிருந்து தண்ணீர் பின்னால் இழுபடும். ஹோஸின் நுனி எதில் முங்கிக் கிடக்கிறதோ, அதையும் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சமையலறைக் குழாயில் அதுதான் வரும். இதைத் தடுக்க, தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு என்று ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் அளவுப் பித்தளை. தம்பி வீடு கட்டியபோது தோட்டத்துக் குழாயில் அதை மாட்டியவன் நான்தான்.

அப்போது அவன் மனைவியின் அண்ணன் மாதக்கணக்கில் அவர்களோடு தங்கியிருந்தான். "வந்த மச்சானே திரும்பிப் போகமாட்டேங்கறான், தண்ணியா அண்ணே திரும்பிப் போகும்?" என்றான் தம்பி.

"எனக்குக் காது கேக்குது," என்றாள் அவன் மனைவி உள்ளேயிருந்து.

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

நிற்க. அம்மா அப்போது என் வீட்டில்தான் இருந்தாள். சின்னவன் வைத்த ரோஜா பூத்திருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள் வரவில்லை. ஒரு வாரம் என்றாள். மழை முடியட்டும் என்றாள். கடைசியில், "என் தலகாணிய கொண்டாந்து குடுத்துடுடா" என்றாள். நானே சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சின்னவன் கை பட்டா காஞ்ச குச்சிகூட பூக்குது. பெரியவன் கை பட்டா குழாய் ஒழுகாது. அதுவும் வேணும்ல?" என்னைப் பாராட்டியதாகத்தான் நினைத்திருப்பாள்.

அவளைத் திரும்பக் கூட்டிவர நினைத்தேன், வேறொன்றுமில்லை. அந்த வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வந்துவிடுவாள். இரண்டு நாள் வாந்தி எடுப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வேன். மற்றவர்கள் கேன் தண்ணீர் குடிக்கிறவர்கள். அம்மாவுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் குடித்தால்தான் தாகம் அடங்கும்.

சனிக்கிழமை போய், "வால்வுல அழுக்கு அடைச்சிருக்கும், கழுவி மாட்டறேன்" என்று கழற்றினேன். கழுவினேன். மாட்டவில்லை. ஞாயிறு காலையில் தம்பி ரோஜாவுக்குப் பூச்சிமருந்து கலப்பான். ஹோஸ் டிரம்முக்குள் கிடக்கும். அதே நேரத்தில் அந்தத் தெருவில் கசிவு பார்க்கும் வேலையை வைத்துக்கொண்டேன். கசிவு ஏதும் கிடையாது. தம்பி வீடு மேட்டில். மேலே மூடினேன், கீழே திறந்தேன், கொஞ்சம் பொறுத்து எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன்.

அம்மா மாத்திரை போட ஒரு டம்ளர் பிடித்தாள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. அவளுடைய வயதை நான் யோசித்திருக்க வேண்டும்.

ஹோஸ் டிரம்முக்குள் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். வால்வு இல்லாததை யாரும் பார்க்கவில்லை. "நான்தான் கொன்னுட்டேன்" என்று தம்பி தரையில் புரண்டான். வந்தவர்கள் எல்லாரும் அவனைத்தான் கட்டிக்கொண்டார்கள். "உன் மேல உயிரையே வச்சிருந்தாங்களேப்பா" என்றார்கள். என் தோளை ஒருவரும் தொடவில்லை. அவள் சாவும் அவன் பங்கிலேயே போய்ச் சேர்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதனால்தான் நானாக இங்கே வந்தேன். இதோ அந்த வால்வு. இத்தனை நாளும் சட்டைப்பையில்தான் இருந்தது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாய் குடித்ததும் அம்மா எனக்குப் போன் செய்தாள்.

"பெரியவனே, தண்ணி ஒரு மாதிரி கசக்குதுடா. குடிக்கலாமா?"

"லைன்ல வேலை நடந்துச்சும்மா. கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். குடி."

சின்னவனின் குரல் அவள் பக்கத்திலேயே கேட்டது, ஐயா. அவனைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.