சிவப்பு நாடா கட்டிய ஊசி

பாராசூட் மடிப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. துணி காய்ந்திருக்க வேண்டும், கயிறுகள் சிக்கக் கூடாது, மடிக்கிறவளுக்கு அவசரம் இருக்கக் கூடாது. பதினெட்டு வருடமாக மடிக்கிறேன். அன்று காலையும் ஒழுங்காகத்தான் மடித்தேன். வேண்டுமானால் விசாரிக்க வந்திருக்கும் நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.

என் கணவர் டெல்மர் டிராக்டர் பழுதுபார்க்கிறவர். வீட்டுக் கொட்டகையில் தானே கட்டிய காரை, பன்னிரண்டு வருடங்களுக்கு முன், வருடாவருடம் வேக ஓட்டம் நடக்கும் அந்த உப்புவெளியில் மணிக்கு இருநூற்று முப்பத்துமூன்று மைல் வேகத்தில் ஓட்டினார். அந்த வகைக் கார்களில் இன்றுவரை அதுதான் சாதனை. பரிசு என்று எதுவும் தர மாட்டார்கள். சாதனைப் புத்தகத்தில் ஒரு வரி, அதில் பெயர், அவ்வளவுதான். நுரையீரல் நோயில் அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு வருடமும் புதுப் புத்தகம் வந்ததும் நான் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பேன்.

ஆர்லோ அவருடைய நண்பன். அவர் சவப்பெட்டியைச் சுமந்தவன். அவன்மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. அவன் கார் இந்த வருடம் இருநூற்று நாற்பதைத் தாண்டும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவன் குழுவில் நானும் ஒருத்தி. காரை நிறுத்தப் பின்னால் விரிகிற பாராசூட்டைக் குடை என்றுதான் சொல்வோம். குடையும் ரேடியோவும் என் பொறுப்பு.

ஒரு ஓட்டத்தில் சாதனை ஆகிவிடாது. முதல் ஓட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் கார் நடுவர்களின் காவல் அடைப்புக்குள் வந்து நிற்க வேண்டும். மறுநாள் காலை இரண்டாவது ஓட்டம். இரண்டின் சராசரியைத்தான் எழுதுவார்கள். அந்த ஒரு மணி நேரம் தவறினால் முதல் ஓட்டம் செல்லாது. பாதை முடிகிற இடத்தில் வலது பக்கம் மழைத்தண்ணீர் தேங்கிக் காய்ந்திருந்தது. மேலே வெள்ளையாக உப்புப் பொருக்கு, அடியில் சேறு. காலையில் நானே நடந்து பார்த்தேன். கார் அதில் மாட்டினால் இழுத்தெடுக்க இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். எனக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டு மணி நேரம்தான்.

குடைப்பையின் வாய் தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க ஓர் இரும்பு ஊசி செருகியிருக்கும். ஊசியில் சிவப்பு நாடா. தொடக்கக் கோட்டில் அதை உருவி, நடுவரிடம் தூக்கிக் காட்டினால்தான் காரை விடுவார்கள். டெல்மரின் பழைய ஊசி ஒன்று என்னிடம் இருந்தது, நாடாவோடு. ஆர்லோ காரில் இருந்த ஊசியின் நாடாவை வெட்டிவிட்டு, ஊசியை உருவாமல், வெளியே தெரியாதபடி மடிப்புக்கு அடியில் தள்ளிவிட்டேன். அது உள்ளே இருக்கிறவரை குடை விரியாது.

“என்ன வெர்னா, குடையத் தாலாட்டித் தூங்க வச்சிட்டியா? ஊசி எங்க?” என்றார் நடுவர்.

டெல்மரின் ஊசியைத் தூக்கிக் காட்டினேன். எல்லோரும் நாடாவைத்தான் பார்ப்பார்கள். பையைக் குனிந்து பார்க்கிறவர் அங்கே யாரும் இல்லை. கட்டைவிரலை உயர்த்திக் காரை விட்டார்.

இருநூற்று நாற்பத்தொன்று என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். குழுவில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள், என்னையும் கட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் ரேடியோவில் ஆர்லோ குரல் வந்தது.

“வெர்னா, குடை விரியல. பிரேக்கும் பத்தாது போல.” ஒரு மூச்சு விட்டான். “எந்தப் பக்கம் கெட்டியா இருக்கு? சீக்கிரம் சொல்லு.”

இடது பக்கம் சிமெண்டுத் தரை மாதிரி கிடந்தது. அந்தப் பக்கம் திருப்பியிருந்தால் மூன்று மைல் ஓடித் தானாக நின்றிருக்கும். அரை மணி நேரம் மிச்சம் வைத்து அடைப்புக்கும் வந்திருப்பான். நான் செய்ததெல்லாம் வீணாகியிருக்கும்.

வலது பக்கம் என்றேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன், நடுங்கியிருந்தால் அவன் பயந்திருப்பான்.

“சரிம்மா,” என்றான்.

நூற்றெழுபது மைல் வேகத்தில் சேற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். பதினெட்டு வருடமாக அந்த உப்பில் நிற்கிறேன், தெரியாமல் இருக்குமா? நான் அதை நினைக்கவில்லை, அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் நினைத்தேன். கார் ஏழு முறை புரண்டது என்கிறார்கள். நான் எண்ணவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உயிர் போயிருந்தது, அவன் கை மட்டும் குடையின் நெம்புகோலை விடாமல் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். அது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது.

ஓட்டாதே என்று அவனிடம் நேராகவே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஏப்ரலில் என் சமையலறையில் உட்கார்ந்து ஆப்பிள் கேக் தின்றுகொண்டே அவனாகத்தான் அந்தப் பேச்சை எடுத்தான்.

“டெல்மர் பேரு போறது உனக்குக் கஷ்டமா இருந்தா ஒரு வார்த்த சொல்லு வெர்னா. வேற எஞ்சின் மாட்டிக்கிட்டு வேற வகையில ஓட்டிட்டுப் போறேன். எனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது.”

எனக்கு ஒன்றுமில்லை, தாராளமாக ஓட்டு என்று சொல்லி அவன் தட்டில் இன்னொரு துண்டு வைத்தேன். அவ்வளவு பெரிய உதவியை ஒரு மனிதனிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.