சுருதிக் குமிழ்

"பாடுன்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாதீங்க."

"ஏன்?"

"அஞ்சு வயசுலேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்காங்க. மாமா வந்தா பாடு. ஆடிட்டர் வந்தா பாடு. கரண்ட் போனா பாடு."

"கரண்ட் போனாக்கூடவா?"

"எல்லாரும் சும்மாதானே உக்காந்திருக்காங்க, பாடேன்னு."

"சரி. நான் சொல்லவே மாட்டேன்."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும்."

"பாக்கலாம்," என்று சிரித்தாள் இரஞ்சிதம்.

1974இல், நாங்கள் சிட்னிக்கு வந்து இறங்கிய முதல் வாரம், மேன்லிக்குப் போகும் படகின் மேல்தளத்தில் நடந்த பேச்சு இது. கடற்காற்று அவள் முந்தானையைத் தூக்கி என் முகத்தில் சுற்றிவிட்டது. அதற்குள்ளிருந்துதான் வாக்குக் கொடுத்தேன். நான் சொன்ன சொல் தவறாதவன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்கும்போது நீங்கள் அதை மறந்துவிடக் கூடாது.

சொல்லாமலே எனக்குப் பாட்டு கிடைத்தது. வென்ட்வேர்த்வில் வீட்டின் சமையலறையில், வடைக்கு மாவு தட்டும்போது அவளுக்குத் தானாகவே ஒரு ராகம் வந்துவிடும். மாவு பதமாக இருந்தால் கல்யாணி, நீர்த்துவிட்டால் முகாரி. நான் கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இன்னும் ஒன்று பாடு என்று நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். சென்னை இசைக் கல்லூரியில் பரிசு வாங்கிய குரல். அதைக் கேட்க உலகத்தில் நான் ஒருவன் மட்டும். வேறு எந்தக் கணவனுக்கு இப்படி வாய்க்கும்?

எனக்கு வேலை, கம்பளி வாங்கும் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் சிட்னிக் கிளையில். கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்த என்னை ஒசாகாவில் ஓராண்டு பயிற்சிக்கு வைத்திருந்ததால் ஜப்பானிய மொழி எனக்கு ஓரளவு வரும். வெள்ளிக்கிழமை மாலைகளில் அலுவலகமே வட சிட்னியில் ஓர் உணவகத்தின் மாடிக்குப் போகும். அங்கே ஒரு பெட்டி இருந்தது. தடித்த ஒலிநாடாவைச் செருகினால் இசை மட்டும் வரும், பாட்டை நாம் பாட வேண்டும். கரோக்கே என்பார்கள். அவர்கள் விரும்பிப் பாடியவை என்கா பாட்டுகள். துறைமுகம், பனி, திரும்பி வராத கப்பல், கோப்பையில் விழும் கண்ணீர். எங்கள் மேலாளர் ஒகுமுரா கழுத்து டையை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு, அவரை விட்டுப் போகாத மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, விட்டுப் போனவளை நினைத்து அழுது பாடுவார். மனைவி தட்டில் மீனைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

பாட்டைத் தேர்ந்தெடுத்துப் பெட்டியை இயக்கும் பொறுப்பு எனக்கு. யார் எதைப் பாடினால் அழகாக இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறு குமிழ் உண்டு. அதைத் திருப்பினால் நாடாவின் வேகம் மாறும், வேகத்தோடு சுருதியும் மாறும். ஒகுமுராவுக்கு மேல் ஸ்தாயி எட்டாது. அவர் கண்ணை மூடியதும் ஒரு நூல் இறக்கிவைப்பேன். பாட்டு முடிந்ததும், "சாகே மதுவில் இருக்கிறது ரகசியம்" என்று தொண்டையைத் தட்டிக்காட்டுவார். குமிழால் எத்தனை பேரை நான் மகிழ்வித்திருக்கிறேன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1977இல் ஒரு நாள், மனைவிமாரையும் அழைத்து வரச் சொன்னார்கள். திருமதி ஒகுமுரா மைக்கை இரஞ்சிதத்தின் கையில் திணித்துவிட்டார். வீட்டில் நான் போட்டுக் கேட்கும் நாடாக்களில் அவளுக்கு ஒரு பாட்டு பாடமாகியிருந்தது. அர்த்தம் தெரியாது. துறைமுகத்தில் காத்திருப்பவள் பாட்டு. முதல் அடி சாதாரணமாகப் போனது. இரண்டாவது அடியில், ஜப்பானியர்கள் குரலை ஒரு சுழற்று சுழற்றும் இடத்தில், இவள் தோடியில் ஒரு கமகத்தைக் கொண்டுவந்து இறக்கினாள்.

மாடி ஆடியது. கணக்காளர் மேசைமேல் ஏறினார். ஒகுமுரா தலையில் கட்டியிருந்த டையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார். எங்கள் கிடங்கு மேற்பார்வையாளர் கெவின், ஆறரை அடி ஆஸ்திரேலியன், தன் ஆட்டுமந்தை நாய் செத்தபோதுகூட இப்படி அழவில்லை என்று பக்கத்திலிருந்தவரைக் கட்டிக்கொண்டான். ரயில் துறைமுகப் பாலத்தைக் கடக்கும்போது இரஞ்சிதம் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எதைப் பத்திங்க பாடினேன்?"

"கப்பல் போயிடுச்சு. அவ கரையில நிக்கிறா."

"அவ்வளவுதானா? அதுக்கா அந்த மனுஷன் மேசை மேல ஏறினாரு?"

அதன் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் அவளுக்குத்தான். நான் பாட்டைத் தேர்ந்தெடுப்பேன், தமிழில் எழுதிக் கொடுப்பேன், அவள் வாரம் முழுக்கச் சாதகம் செய்வாள். எண்ணெய்ப் புகை தொண்டைக்கு ஆகாது என்று வடை நின்றது. வடையோடு கல்யாணியும் நின்றது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிற்பதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஒசாகாவில் நிறுவனத்தின் ஆண்டு விழா. இரஞ்சிதம் வந்து பாட வேண்டும் என்று ஒகுமுரா ஏற்பாடு செய்தார். இசைத்தட்டு நிறுவனம் ஒன்றில் தன் மைத்துனர் இருப்பதாகவும் சொன்னார்.

"போகட்டுமாங்க?" என்று கேட்டாள். இவ்வளவு ஆசையோடு அவள் எதையும் கேட்டதில்லை.

"தாராளமா," என்றேன். நான் பெண்களைக் கட்டுப்படுத்தும் ஆள் இல்லை.

முதலில், அவள் குரலுக்குப் பொருந்தாத பாட்டாகத் தேர்ந்தெடுத்து முயன்று பார்த்தேன். ஆண்களின் குடிப்பாட்டு, மந்தர ஸ்தாயியில் உறுமுவது, அதைக் கொடுத்தேன். அவள் உறுமிய உறுமலில், இனி இந்தப் பாட்டைத் தான் தொடப்போவதில்லை என்று ஒகுமுரா எழுந்து நின்று வணங்கினார். அறை முழுவதும் வணங்கியது. நானும் வணங்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் குமிழைத் தொட்டேன். இரண்டு சரணங்களுக்கு நடுவே இசை மட்டும் போகும்போது, ஒரு நூல் ஏற்றினேன். அவள் விட்ட இடத்திலேயே சரியாக வந்து எடுத்தாள். இசைதான் அங்கே இல்லை. குடித்திருந்த யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கெவின் மட்டும் நாயைப் போலத் தலையைச் சாய்த்தான். இரஞ்சிதம் தடுமாறி, தேடிப் பிடித்து, பாடி முடித்தாள். கைதட்டல் பலமாகவே இருந்தது.

ரயிலில் அவள் செருப்பைக் கழற்றவில்லை.

"சுருதி போயிடுச்சுங்க."

"களைப்பா இருக்கும்மா. பெட்டியில ஏதாவது கோளாறோ என்னமோ."

இதை நான் சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஒரு வழி திறந்துதான் வைத்தேன்.

"பெட்டி பொய் சொல்லாது," என்றாள். "எங்க வாத்தியார் சொல்லுவாரு. ஆளுக்கும் சுருதிப் பெட்டிக்கும் தகராறு வந்தா, ஆள்தான் தப்பு."

அவ்வளவு நல்ல பாடம் அது. அடுத்த வெள்ளி ஒரு நூல் இறக்கினேன். அதற்கடுத்த வெள்ளி ஏற்றி, பிறகு இறக்கினேன். அவள் காது அவ்வளவு துல்லியம். வேறு யாராக இருந்தாலும் இசையோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இவள் நின்ற இடத்தில் நின்றாள். அதனால்தான் கவிழ்ந்தாள். குமிழின் மேல் கையை வைத்துக்கொண்டு, என் மனைவியைப் போல ஞானம் உள்ளவள் இந்த ஊரில் இல்லை என்று நான் பெருமைப்பட்டேன்.

நான் அவளைக் கைவிட்டுவிடவில்லை. மெக்குவாரித் தெருவில் காது நிபுணரிடம் அழைத்துப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காதில் ஒரு குறையும் இல்லை என்றார் அவர். அவருடைய ஆங்கிலத்தை நான்தான் அவளுக்கு விளக்கினேன். சில குடும்பங்களில் இது சீக்கிரமே வரும் என்றேன். அவள் பெரியப்பா கடைசிக் காலத்தில் காது கேளாமல் இருந்ததை நினைவுபடுத்தினேன். இரவில் பாலில் மஞ்சளும் மிளகும் போட்டு நானே காய்ச்சிக் கொடுத்தேன். ஒசாகாவுக்கு வரவில்லை என்று ஒகுமுராவிடம் தலை குனிந்து சொன்னதும் நான்தான். அவளுக்கு அந்தச் சங்கடம் வேண்டாம் என்று.

பிறகு வீடு அமைதியாக இருந்தது. புகைக்குப் பயப்படத் தேவையில்லாமல் வடை திரும்ப வந்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். எண்ணெய் மட்டும் பாடியது. வேலைக்கு நடுவே சில நேரம் அவள் உதடு அசையும், உடனே மூடிக்கொள்வாள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே நின்றேன். பாடு என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சொன்ன சொல் தவறாதவன்.

இந்த ஆண்டு, 1979இல், உணவகத்தில் புதுப் பெட்டி வாங்கினார்கள். பழையதை எனக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார் ஒகுமுரா. வரவேற்பறையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் துறைமுகப் பாட்டைப் போட்டுவிட்டு நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். இரஞ்சிதம் தூசி துடைத்தாள். துணி குமிழில் பட்டது.

பாட்டு மேலே ஏறியது.

அவள் துணியைக் கீழே வைத்தாள். விரலால் குமிழை இறக்கினாள். பாட்டு இறங்கியது. ஏற்றினாள். இறக்கினாள். அவசரமே இல்லை. கடைசியில், முதல் நாள் அவள் பாடி மாடியை ஆடவைத்த அந்தச் சுருதியில் கொண்டுவந்து மயிரிழை பிசகாமல் நிறுத்தினாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"ஆமா," என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னணியில் அந்தப் பெண்ணின் கப்பல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ நெஞ்சு லேசாகிவிட்டது. படகில் முந்தானைக்குள்ளிருந்து வாக்குக் கொடுத்தபோது இருந்த அதே துள்ளல். குரலிலும் குறையில்லை, காதிலும் குறையில்லை என்பது இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது. இனி எங்களுக்குள் மறைக்க ஒன்றுமில்லை. அடுத்த சரணத்துக்கு முந்திய இசை ஓடிக்கொண்டிருந்தது. நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். ஐந்து வருடமாக விழுங்கி வைத்திருந்ததை முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டேன்.

"ரஞ்சிதம், எனக்காக ஒரு பாட்டு பாடேன்."