மொட்டை மாடியில் காய்ந்த கறிவேப்பிலை

ஒட்டுக்கேட்பது தவறு என்று தெரிந்தேதான் கேட்டேன். லேக் மார்க்கெட் மளிகைக்கடை வரிசையில் என் முறை வந்தபோது, பின்னால் நின்றவரை முன்னே அனுப்பிவிட்டும் கேட்டேன். கடையோரம் நின்ற ஓர் அம்மாள் கணவரிடம் சொன்ன வார்த்தைதான் காரணம்.

“என் மூக்கு செத்தே போயிடுத்துன்னா. ஜுரம் விட்டு இத்தனை நாளாச்சு.”

“யார் சொன்னா?”

“நீங்க காயவெச்ச கறிவேப்பிலை. டப்பாவைத் திறந்து கசக்கி மோந்து பாத்தேன். ஒண்ணுமே தெரியலை. அழுகையா வந்தது.”

“அசடே, அதை மொட்டை மாடில உச்சி வெயில்லன்னா காயவெச்சேன்!”

“ஐயோ, நிழல்ல உணத்தணும்னு சொன்னேனே?”

“வெயில்ல சீக்கிரம் ஆகும்னு நெனச்சேன். இலைல இருக்கற எண்ணெய்தான் வாசனையாம், சூட்டுல பறந்துடுமாம். மாடியே மணந்தது. பக்கத்து வீட்டு பௌதி, அந்த வங்காளி மாமி, என்ன சமையல்னு வந்து கேட்டா. டப்பால என் மூக்குக்கும் ஒண்ணும் தெரியலை.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“திட்டுவியேன்னுதான்.”

கணவர் கடைக்காரரிடம் பச்சைக் கறிவேப்பிலை ஒரு கொத்து வாங்கி, இரண்டு இலையை விரலால் கசக்கினார். “கண்ணை மூடிக்கோ.”

அம்மாள் கண்ணை மூடிக் குனிந்தார்.

“கறிவேப்பிலை,” என்றார் மெதுவாக. மறுபடி முகர்ந்தார். “இருங்கோ. விரல்ல சிகரெட் வாசனைன்னா வர்றது? விட்டுட்டேன்னேளே?”

கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதர் கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

“இன்னொரு தரம் மோந்து பாரு,” என்று மறுபடியும் கையை நீட்டினார்.