கோபம் இல்லாமல் செய்தது

இந்த அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. மத்தியானத்திலேயே விளக்கைப் போட்டுக்கொண்டுதான் படிக்க வேண்டும். இப்படி ஒரு மேசையும் வெளிச்சமும் கிடைத்திருந்தால் இன்னும் எவ்வளவோ படித்திருப்பேன்.

எனக்குப் பார்லித் தண்ணீர் போதும். காப்பி குடித்தால் நெஞ்சு படபடக்கும்; அதை மனம் பயம் என்று தப்பாக எடுத்துக்கொள்ளும். உடம்பு செய்கிற காரியத்துக்கு மனம் பெயர் வைத்துவிடுவதில்தான் பாதிச் சிக்கல். இதற்கென்றே நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. உங்களைப் போன்ற வேலையில் இருப்பவர்கள் படித்தால் உபயோகமாக இருக்கும். நேற்று நீங்கள் மேசையைத் தட்டியதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏன் என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் படிக்க ஆரம்பித்த கதையிலிருந்து சொல்ல வேண்டும்.

இஞ்சியோன் நகரத்தில் ஒரு பெரிய அங்காடியில் புகார் மேசையில் இருந்தேன். வாங்கிய பொருளில் குறை என்று வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். தலையைக் குனிந்து, "மன்னிச்சுக்குங்கம்மா, தப்பு எங்க மேலதான்" என்பதுதான் வேலை. ஒரு நாள் ஒரு பெண் தான் திருப்பிக் கொண்டுவந்த கம்பளிக் கோட்டை என் முகத்தில் எறிந்தாள். அதில் ஒரு பித்தான் என் கண்ணில் பட்டது. நான் கோட்டைக் குனிந்து எடுத்து, மடித்து, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு வந்து சோற்றுக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் அடித்தேன். என் மகன் இன்ஹோ அப்போது சின்னப் பையன். மேசைக்கு அடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகப் புத்தகக் கடைக்குப் போனேன். மனசுக்கு என்று அங்கே ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். அட்டைகளில் இளநீல வானம், ஒற்றை மரம், ஜன்னலோரத்தில் பூனை. அப்படித்தான் ஆரம்பித்தது. உணர்ச்சிக்குப் பெயர் வைக்கக் கற்றுக்கொண்டேன். அதை ஒரு அடி தள்ளி வைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். தோன்றுவதற்கும் செய்வதற்கும் நடுவில் ஒரு இடைவெளி விடக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கிண்ணம் உடையவில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

என் கணவர் இறந்தபோது சாவு வீட்டில் மூன்று நாளும் வந்தவர்களுக்கு நான்தான் சூப்பு ஊற்றினேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இன்ஹோ மூலையில் தரையில் விழுந்து அழுதுகொண்டிருந்தான். இழப்பைத் தாங்குவது பற்றி அழகாக எழுதப்பட்ட புத்தகம் ஒன்றை, முக்கியமான வரிகளுக்கு அடியில் கோடு போட்டு, அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். புத்தகத்தை அவன் அப்பாவின் படத்துக்கு முன்னால், பழத்தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. போன் எடுக்கவும் இல்லை. அந்தப் பிரிவையும் நான் ஒழுங்காகவே கையாண்டேன். பிள்ளைகளைப் பிடித்துவைக்காமல் விடுவது பற்றி என்னிடம் ஒரு அலமாரித் தட்டு நிறையப் புத்தகம் இருக்கிறது.

ஓய்வு பெற்றதும் எங்கள் குடியிருப்பு நூலக அறையில் வாசிப்பு வட்டம் ஒன்றைத் தொடங்கினேன். பெண்கள் மட்டும். வாரம் ஒரு முறை கூடுவோம், ஒரு புத்தகம் எடுப்போம், அவரவர் மனதில் இருப்பதைச் சொல்வோம். நான் வழிநடத்துவேன். வட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

மால்சுன் அங்கேதான் வந்து சேர்ந்தாள்.

குடியிருப்பு வாசலில் வீட்டுத் தரகு அலுவலகம் வைத்திருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். என்னை விடச் சின்னவள். ஊதாத் தொப்பி, உரக்கப் பேச்சு. வரும்போதே சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பொட்டலத்தோடு வருவாள். அறை முழுக்க அந்த மணம்தான் இருக்கும்.

"அக்கா, நீங்க குடுத்த புத்தகம் ரெண்டு பக்கம் படிச்சேன். என்னமாத் தூக்கம் வந்துச்சு தெரியுமா? இதைப் போய்ப் புத்தகக் கடைல விக்கிறாங்களே, மருந்துக் கடைல வச்சா இன்னும் நல்லாப் போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிண்டலை நம்மைப் பற்றியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் வட்டத்தில் பாங் அம்மா என்று ஒருத்தி. அவளுடைய தங்கை அந்த இலையுதிர் காலத்தில்தான் இறந்திருந்தாள். அவளுக்காகவே ஒரு பகுதியைத் தேடி எடுத்து வாசித்தேன். துக்கத்தை விருந்தாளியைப் போல உட்காரவைப்பது பற்றிய பகுதி. நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மால்சுன் எழுந்துபோய் பாங் அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "அழுடி. மூக்கைச் சிந்தணும்னா என் சட்டைல சிந்து, பழைய சட்டைதான்" என்றாள். இரண்டு பேரும் ஓவென்று அழுதார்கள். பிறகு சட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் புத்தகத்தில் நிறுத்திய வரியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்தப் பகுதியை வாசித்து முடிக்கும்படி யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து நாற்காலிகள் அவள் பக்கம் நகர்ந்தன. அது இயற்கைதான். சூடான இடத்துக்கு மனிதர்கள் நகர்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று உள்ளே பார்த்தேன். இருந்தது. அதற்குக் 'களைப்பு' என்று பெயர் வைத்தேன்.

நீங்கள் இன்ஹோவைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

போன வசந்தத்தில் ஒரு நாள் கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். மால்சுன் மட்டும் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அக்கா, ஒரு விஷயம். திட்டாதீங்க. உங்களுக்குத்தான் திட்டவே தெரியாதே. உங்க பையன் என் ஆபீசுக்கு போன் பண்றான்."

"எதுக்கு?"

"வாசல்ல போர்டுல என் நம்பர் இருக்குல்ல, அதைப் பார்த்திருக்கான். 'ஏழாவது மாடில இருக்கிற அம்மா நல்லா இருக்காங்களா?'ன்னு கேப்பான். மொதல்ல யாரோ வீடு கேக்கிறான்னு நெனச்சேன். மாசா மாசம் பண்ணுவான். போன ஞாயித்துக்கிழமை அவன் பொண்ணுக்கு முதல் பிறந்தநாள். என்னையும் கூப்பிட்டான், போயிட்டு வந்தேன். அக்கா, அந்தக் குழந்தைக்கு உங்க மூக்கு. அப்படியே ஒட்டி வச்ச மாதிரி."

எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன், ஐயா.

"ஏன் வீட்டுக்கு வரலைன்னு கேட்டியா?" என்றேன். என் குரல் சரியாகவே இருந்தது.

மால்சுன் கொஞ்சம் தயங்கினாள். அவள் தயங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "கேட்டேன். 'கிண்ணம் உடைச்சாங்களே, அந்த அம்மாவை எனக்குப் புரிஞ்சுது. அப்புறம் வந்தவங்க யாருன்னே தெரியல'ன்னான். சொல்லும்போதே அழுதுட்டான். நான்தான் தட்டிக்குடுத்தேன். அக்கா, புத்தகத்தை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு நேரா அவன் வீட்டுக்குப் போங்க. முதுகுல நாலு வையுங்க. 'எங்கடா போனே?'ன்னு அழுங்க. அவ்வளவுதான். நான் கூட வரேன்."

அவள் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இதை உங்கள் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். அவள் நல்லவள்.

கையில் இருந்த கோப்பையிலிருந்து தேநீர் சிந்தியது. மால்சுன் தன் தொப்பியால் என் மடியைத் துடைத்தாள். என் மகன் அழுதபோது தட்டிக்கொடுத்த கை அது. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இது என்ன உணர்ச்சி என்று கேட்டுக்கொண்டேன். ஏமாற்றமாக இருக்கலாம், இரத்த அழுத்தமாகவும் இருக்கலாம். பொறாமை என்று நீங்கள் நேற்று ஒரு சொல் சொன்னீர்கள். அந்தச் சொல்லையும் நான் சரிபார்த்தேன். பொருந்தவில்லை.

அவசரப்பட்டு எதுவும் செய்யக் கூடாது என்பது எனக்கு இரத்தத்தில் ஊறிப்போனது. அதனால் கோடை முழுக்கச் சும்மா இருந்தேன். நம் மன அமைதியைக் குலைக்கிறவர்களிடமிருந்து விலகி இருக்க நமக்கு உரிமை உண்டு என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. நான் விலகிப் பார்த்தேன். மால்சுன் விலகவில்லை. கதவைத் தட்டிக் கிம்ச்சி ஊறுகாய் கொடுப்பாள். மின்தூக்கியில் தோளை இடிப்பாள். "எப்ப போறோம் அக்கா, பேத்திக்கு நடக்கவே வந்துடுச்சு" என்பாள்.

அப்படித்தான் ஒரு தீவின் சேற்றுக்கடலுக்குப் போகலாம் என்று நான் கூப்பிட்டேன்.

அந்தத் தீவு என் கணவரின் ஊர். கலியாணமான புதிதில் மாமியாரோடு சிப்பி தோண்டப் போவேன். கடல் வற்றினால் கண்ணுக்கு எட்டின மட்டும் சாம்பல் நிறச் சேறு. துளை பார்த்து உப்பைத் தூவினால் நீளச் சிப்பி தானாகவே தலையை நீட்டும். பிடித்து இழுத்தால் போதும். மால்சுனுக்கு அது புதுசு. ஒவ்வொரு சிப்பி வெளியே வரும்போதும் குழந்தை மாதிரி கூவினாள். "இங்க பாருங்கக்கா, வாடகைக்கு ஆள் வந்துட்டானான்னு எட்டிப் பாக்கிறான்" என்றாள். போனைச் சேற்றில் போட்டுவிடுவோமோ என்று பயந்து என் பையில் கொடுத்திருந்தாள்.

பிறகு மூடுபனி இறங்கியது. அந்தப் பருவத்தில் இறங்கும். கரை மறைந்தது. நான் திரும்பலாம் என்று எழுந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, கால் மாட்டிக்கிச்சு. முழங்கால் வரைக்கும் போயிடுச்சு. ஒரு கை குடுங்க."

அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

அந்த நேரத்தில் எனக்குள் ஏதோ எழும்பியது. இவ்வளவு நாளில் நான் பார்த்ததிலேயே பெரியது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் உடனே எதையும் செய்துவிடக் கூடாது. தோன்றுவதற்கும் செய்வதற்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும். "இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு, இடைவெளி விடுவதற்காகக் கரைப் பக்கம் நடந்தேன்.

முதலில் நான் கேலி செய்கிறேன் என்றுதான் அவள் நினைத்தாள். "போங்கக்கா, விளையாடாதீங்க" என்றாள். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு "அக்கா, அக்கா" என்று மட்டும். நான் அந்தக் குரலைக் குரலாக மட்டும் கேட்டேன். மூச்சை உள்ளே இழுத்து மெதுவாக விட்டேன். ஓசைகளை நல்லது கெட்டது என்று பிரிக்காமல் கேட்பது மிகவும் கடினமான பயிற்சி. அன்று எனக்கு அது கைகூடியது.

வாகன நிறுத்தத்துக் கேமராவில் நான் காரில் உட்கார்ந்து பக்கம் புரட்டுவது தெரிகிறது என்றீர்கள். உண்மைதான். படிப்பது போல் நடித்தேன் என்றீர்கள். அது உண்மையில்லை. நான் ஊன்றிப் படித்தேன். இரண்டு இடத்தில் கோடுகூடப் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம். பையில் அவள் போன் அடித்தது. திரையில் என் மகன் பெயர். அவள் அதில் அவனை 'நம்ம இன்ஹோ' என்று பதிந்து வைத்திருந்தாள். நான் சத்தத்தை மட்டும் அணைத்தேன். அலை ஏறுகிறது, எல்லோரும் வெளியே வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தபோது நான் ஒரு அத்தியாயத்தின் நடுவில் இருந்தேன்.

நேற்று வரைக்கும் நீங்கள் இதை விபத்து என்றும், நான் பயந்துபோய் ஓடிவிட்டேன் என்றும் எழுத ஒரு வழி வைத்திருந்தீர்கள். உங்கள் நல்ல மனது. ஆனால் நான் பயப்படவில்லை. தவறாக எழுதினால் பிறகு திருத்த வேண்டியிருக்கும். அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாளை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அந்த மாதத்தில் அலை மிக உயரமாக ஏறும் நாள் அது. எதுவரைக்கும் நேரம் இருக்கிறது என்று மால்சுன் கேட்டபோது, சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை பயமில்லை என்றேன். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சேற்றில் தண்ணீர் முன்னாலிருந்து வருவதில்லை; கரையை ஒட்டிய வாய்க்கால் முதலில் நிறைந்து முதுகுக்குப் பின்னால் வழியை அடைத்துவிடும். கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் சிப்பி அதிகம் என்று நான்தான் அழைத்துப் போனேன். கால் மாட்டிக்கொண்டது மட்டும் என் ஏற்பாடு இல்லை. அது இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றுதான். அவளுக்கு நீச்சல் தெரியாது.

ஆக, நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுத வேண்டும். அதில் கோபம் இல்லை. கிளம்புவதற்கு முன் வீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து, உள்ளே தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். கோபத்தில் ஒரு காரியம் செய்வது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். கோட்டை எறிந்தாளே அந்தப் பெண், அவள் கோபத்தில் செய்தாள். நான் யோசித்து, தயாராகி, அமைதியாகச் செய்தேன். இந்த வித்தியாசத்தை நீதிபதி புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன்.

வேறு என்ன? கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

இன்ஹோ வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறான் என்றீர்கள். காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறான், யாராலும் தேற்ற முடியவில்லை என்றீர்கள். அவனைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவன் எனக்காக அழுகிறானா, அவளுக்காக அழுகிறானா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு ஒன்றும் இல்லை. சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.