கரையில் நின்ற குட்டி நீர்நாய்

முதலில் அந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்துவிட முடியுமா, அதிகாரி? வெயில் என்னை ஒன்றும் செய்யாது. மேஜைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்த அட்டைக்குத்தான் ஆகாது. அதிலிருக்கும் நீலப் பென்சில் தீற்றல்கள் வெளிச்சம் பட்டால் வெளுத்துப் போகும். ஆமாம், இப்போது சரி. நன்றி.

என் பெயர் எவெர்ட் டாமிங்கா. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவனாக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடங்களுக்கு மேலாக ‘மதகுக்காரர் ஒக்டாஃப்’ என்ற படக்கதையின் அசல் ஓவியங்களைச் சேர்த்து வருகிறேன். உங்கள் வயதுக்கு அது தெரிந்திருக்காது. யுத்தம் முடிந்த வருடங்களில் இந்த வடக்குப் பக்கத்து மாலைப் பத்திரிகை ஒன்றில் தினமும் வந்தது. மூன்று கட்டம் படம், அதன் கீழே கதை. கால்வாய் மதகைத் திறந்து மூடும் ஒரு நீர்நாய்தான் கதாநாயகன். வரைந்தவர் லுப்பெர்ட் ஹூக்ஸெமா.

அந்த நீலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பத்திரிகையில் விழாது. இந்த இடத்தில் சாம்பல் நிறம் போடு என்று அச்சகத்துக்குச் சொல்லும் குறிப்பு, அவ்வளவுதான். ஆகவே பத்திரிகை வாங்கிப் படித்த அத்தனை பேருக்கும் ஒக்டாஃபின் நிழல் சாம்பல். அசலைக் கையில் வைத்திருப்பவனுக்கு மட்டும் அது நீலம். இதிலே என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டுக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தாள். பதில் சொல்ல எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

ஹூக்ஸெமாவின் கையில் எதுவும் தங்காது. அச்சானதும் திரும்பி வரும் அசல்களை, ஆசைப்பட்டு எழுதிக் கேட்ட வாசகர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பிவிடுவார். அப்படி ஊர் ஊராகச் சிதறியதைத்தான் நான் பொறுக்கினேன். ஒன்று யாருடைய கல்யாணப் போட்டோவுக்கோ பின்னட்டையாக இருந்தது. இன்னொன்றின் முதுகில் பட்டாணி சூப் வைக்கும் முறை எழுதியிருந்தது. கடைசிக் கதை முழுவதும் என் இழுப்பறையில் வரிசையாகச் சேர்ந்துவிட்டது, முடிவு நாள் ஓவியம் ஒன்றைத் தவிர. அதற்கென்று இடம் விட்டு வைத்திருந்தேன். பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல, திறக்கும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும்.

அந்த ஓவியம் அப்பிங்கெடாமில், ஓவியரின் மகள் ஹேசினாவின் வீட்டுச் சுவரில் இருந்தது. கண்ணாடி போடாத சட்டம். தெற்கு பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிரே.

ஹேசினா அந்த ஊர் நீச்சல் குளத்தில் ஆசிரியையாக இருந்தவர். பாதி ஊர் அவரிடம் திட்டு வாங்கித்தான் மிதக்கக் கற்றுக்கொண்டது. எழுபத்தெட்டு வயதிலும் அந்தக் குரல் குறையவில்லை. கண் மட்டும் போய்விட்டது. ஓரங்கள் கொஞ்சம் தெரியும், நடுவில் வெறும் புகை. புதன்கிழமைதோறும் நான் போவேன். புதிதாகக் கிடைத்த ஓவியத்தின் கதை வரிகளை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். எனக்கும் எழுபதாகிறது, ஆனாலும் கதவைத் திறக்கும்போதே, “வாடா பொடியா, இன்னிக்கு எந்தக் குப்பையக் கிளறிட்டு வந்த?” என்பார். எங்கள் பக்கத்தில் வந்தவருக்குக் காபியோடு ஒரு பிஸ்கட் கொடுத்து டின்னை மூடிவிடுவார்கள். எனக்கு அவர் அந்த டின்னை ஒருநாளும் மூடியதில்லை. என்னை அப்படி நடத்துகிறவர்கள் வேறு யாரும் இந்த உலகத்தில் மிச்சம் இல்லை.

அந்த ஓவியத்தை ஒரே ஒரு முறை கேட்டேன். சிரித்தார். “அதக் கேக்கறதும் என்னையக் கேக்கறதும் ஒண்ணுதான்” என்றார். பிறகு காரணத்தையும் சொன்னார். ஒக்டாஃப் வேலையை விட்டுப் படகில் ஏறிப் போவதோடு தொடர் முடிகிறது. அப்பா அதை வரைந்துகொண்டிருந்தபோது ஒன்பது வயது ஹேசினா பக்கத்தில் நின்று அழுதிருக்கிறார், அவனுக்குக் கையாட்டக் கரையில் ஒருத்தர்கூட இல்லையே என்று. பத்திரிகைக்கு அனுப்ப நேரமாகிவிட்டது. ஹூக்ஸெமா ஒரு துண்டுத் தாளைக் கிழித்து, பின்னல் போட்ட ஒரு குட்டி நீர்நாயை வரைந்து, மூன்றாம் கட்டத்தின் கரையில் பசை தடவி ஒட்டியிருக்கிறார். “இதோ நீ நிக்கிற, போதுமா” என்றாராம்.

ஒரு புதன்கிழமை நான் கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டேன். ஹேசினா சுவரோரம் நின்று, அந்த ஒட்டின்மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு மையை அரித்துவிடும் என்று கடிந்துகொண்டேன். பக்கத்து வீட்டுப் பழம் பறித்துப் பிடிபட்ட பிள்ளை மாதிரி கையை இழுத்துக்கொண்டார். “நான் இன்னும் கரையில நிக்கிறேனான்னு பாத்தேன்” என்றார். அதற்குப் பிறகு என் முன்னால் தொட்டதில்லை. விட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

அதற்குள் நீலம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. திரை போடுங்கள் என்றால், இருக்கிற துளி வெளிச்சத்தையும் அடைக்கச் சொல்கிறாயா என்பார். நியாயம்தான். ஆனால் இன்னும் சில கோடைகள் போனால் அங்கே காப்பாற்ற ஒன்றும் இருக்காது. பார்க்க முடியாத ஒருவரின் சுவரில் அது அழிந்துகொண்டிருந்தது. யோசித்துப் பாருங்கள், படத்துக்கு வேறு யார் இருந்தார்கள்?

நகல் வரைய ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. அதே காலத்து அட்டை, அதே மாதிரி பேனா முள், வெள்ளைச் சாயத் திருத்தங்கள், நீலப் பென்சில் எல்லாம். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலை அதுதான் என்று சொல்வேன். அந்த ஒட்டுத் துண்டின் விளிம்பில் விழும் மெல்லிய நிழலைக்கூடச் சாம்பல் மையால் வரைந்தேன். வரைந்தேன், ஒட்டவில்லை. பருத்திக் கையுறை இல்லாமல் அசலைத் தொடுவதைப் பாவமாக நினைக்கிறவர்கள் நாங்கள், சேகரிப்பவர்கள். எங்களுக்கு ஓவியம் என்றால் பார்ப்பதற்கு. கண்ணுக்கு அந்த ஒட்டு ஒரு கோடு மட்டும்தான். விரலுக்கு அது வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாற்றியது பட்டப்பகலில். அவர் சமையலறையில் காபி இறக்கிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரரின் நாயைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் கூடத்திலிருந்து பதில் சொல்லிக்கொண்டே சட்டத்தைக் கழற்றினேன். அன்றைக்கு இரண்டு பிஸ்கட் சாப்பிட்டேன்.

அடுத்த புதன்கிழமை காபி இல்லை. ஹேசினா நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எவெர்ட், படத்துல நான் இல்ல.”

“இருக்கீங்களே. வலது ஓரத்துல, கைய ஆட்டிக்கிட்டு.”

“கண்ணுக்கு இருப்பேன். கைக்கு இல்ல.”

பழைய பசை, ஈரத்தில் அமுங்கியிருக்கும் என்றேன். அவர் தலையாட்டவில்லை. தனக்கு மருந்து கொடுக்க வீட்டுக்கு வரும் செவிலியிடமும் அதையே சொல்லியிருக்கிறார், படத்திலிருந்து நான் போய்விட்டேன் என்று. உங்கள் காவல் துறையையும் தொலைபேசியில் அழைத்தார். ஒருவர் வந்து, படம் சுவரிலேயே இருப்பதைப் பார்த்து, அன்பாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பிறகு உட்ரெக்டிலிருந்து அலைடா வந்தாள். ஹேசினாவின் தம்பி மகள், வேறு சொந்தம் கிடையாது. விஷயம் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டு, அத்தையின் எதிரிலேயே கேட்டாள், இது அசல்தானா என்று. நான் பூதக்கண்ணாடியை எடுத்து நீண்ட நேரம் பார்த்தேன். ஹேசினா மூச்சை அடக்கிக்கொண்டு என் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். அதே சட்டத்தில், அதே வெயிலில், நான் வரைந்த அந்த விளிம்பு நிழல் எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு திருப்திகூட ஓடியது. அசல்தான் என்றேன்.

வாசலில் அலைடா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தைக்குப் புத்தி தடுமாற ஆரம்பிச்சிருச்சா?” என்றாள். கண் கலங்கியிருந்தது.

“நான் டாக்டர் இல்லம்மா. வயசாகுதில்ல” என்றேன். இதைவிட அதிகமாக நான் எதுவும் சொல்லவில்லை.

ஞாபகச் சோதனை வைத்தார்கள். கிழமை சொன்னார், பிரதமர் பெயர் சொன்னார், அவரைப் பற்றித் தன் கருத்தையும் சேர்த்துச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னபோது எண்களெல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டன. கண் தெரியாதவர் எப்படி வரைவார் என்று நான் கேட்டிருக்கலாம். கூடவே இருந்தேன், கேட்கவில்லை. படத்தைப் பற்றிக் கேட்டபோது, “அது என் அப்பா போட்டது இல்ல, நான் அதுல இல்ல” என்று பிடிவாதமாகச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். எண் அழுத்தினால்தான் கதவு திறக்கும் ஒரு காப்பகத்தில், இலை உதிர்வதற்குள் அவருக்கு அறை கிடைத்துவிட்டது.

நான் புதன்கிழமைகளை விடவில்லை. இதை அங்கிருப்பவர்களிடம் நீங்கள் கேட்டுக்கொள்ளலாம். பெற்ற பிள்ளைகூட இப்படி வராது என்று சொல்வார்கள். படத்தையும் கொண்டுபோய் அங்கே மாட்டியிருந்தார்கள், பழகிய பொருள் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று. அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னார் ஹேசினா. கொஞ்ச நாளில் அதையும் சொல்வதை விட்டுவிட்டார்.

அங்கேதான் அவர் மாறினார். இன்று புதன்தானே என்று கேட்பார். ஆமாம் என்றால், எதற்கும் செவிலியிடம் கேட்டுவிடு என்பார். கையில் காபிக் கோப்பையை வைத்துக்கொண்டே, நான் குடித்துவிட்டேனா என்று கேட்பார். முன்பெல்லாம் தூரத்திலிருந்தே காலடிச் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்கிறவர், நான் கதவருகே வந்து என் பெயரைச் சொன்ன பிறகும், தான் கேட்டது சரிதானா என்று யோசித்துக்கொண்டு நிற்பார். பொடியா என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதிருக்கிறேன். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து, நிறைந்திருக்கும் அந்த வரிசையைப் பார்த்தால் சற்று ஆறும்.

பிப்ரவரியில் அவர் போய்விட்டார். சாப்பாடு வேண்டாம் என்றாராம். பசிக்கிறதா இல்லையா என்று தனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை என்று சொன்னாராம். அலைடா படத்தை ஒரு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாள். அங்கே வேலை பார்க்கும் பெண் கையில் வாங்கியதும் விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள்; ஒட்டு தெரிந்த இடம் விரலுக்கு வழவழவென்று இருந்திருக்கிறது. மற்றது உங்களுக்குத் தெரியும். அலைடா என் வீட்டுக்கு வந்தபோது இழுப்பறையை நானேதான் திறந்து காட்டினேன். அவள் கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அத்தைக்குப் புத்தி தெளிவாத்தான் இருந்துச்சா?”

“கடைசி வரைக்கும் தெளிவாத்தான் இருந்துச்சு” என்றேன். ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான், அதிகாரி. ஹேசினாவுக்குக்கூட அது தெரியாது. தெரியாமலேதான் செத்துப்போனார். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன். எடுத்தது நான், பொய் சொன்னது நான், அந்தக் கதவுக்குப் பின்னால் அவரை வைத்ததும் நான்.

அவருக்கு என்மேல் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டீர்கள். வந்திருக்கிறது. கடைசிப் புதன்கிழமைதான் எனக்கே தெரிந்தது. கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். குரல் மிகவும் மெலிந்திருந்தது.

“ஒரு விஷயம் சொல்லணும் எவெர்ட். ஆரம்பத்துல நான் உன்னைத்தான் நெனச்சேன். நீதான் எடுத்துட்டேன்னு. யார்கிட்டயும் சொல்லல, சத்தியமா சொல்லல. ஆனா மனசுக்குள்ள நெனச்சுட்டேன். வாரா வாரம் இவ்வளவு தூரம் வர்ற மனுஷனைப் போய்… என் புத்தி எங்க போச்சு பாரு. மன்னிச்சிரு.”

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். என்ன பிரயோஜனம்? பாவம், அந்த உறுத்தலோடு அவர் போகக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் கையைத் தடவிக் கொடுத்தேன். இதெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். அவரை நான் மனதார மன்னித்தேன்.